நண்டுப் படமும் நான்கு எழுத்தும்: வாசகர் கேள்வி பதில்

வணக்கம். இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்துப் படித்தால், ஆளுக்கொரு வார்த்தையில் ஒரே சங்கதி. ‘ஃபார்மட் அடித்தேன், நெட் போச்சு.’ ‘கார்டு வாங்கிப் போட்டேன், கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது.’ அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, நெட்வொர்க் கார்டையும் அதன் டிரைவரையும் (அந்தக் கார்டோடு பேசத் தெரிந்த சாஃப்ட்வேர்) மட்டும் எடுத்துக்கொண்டேன். சில பதில்கள் நீளம். கம்ப்யூட்டரைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். பெயர்களையும் கட்டளைகளையும் நான் தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் அவை ஆங்கில எழுத்தில் வரும், நீங்கள் தட்டும்போதும் அப்படியே தட்டுங்கள்.

கேள்வி: அக்கா, என் லேப்டாப்பை ஃபார்மட் அடித்து விண்டோஸ் 11 போட்டேன். வைஃபை வரவில்லை, கேபிள் செருகினாலும் நெட் இல்லை. டிவைஸ் மேனேஜரில் ‘ஈதர்நெட் கன்ட்ரோலர்’, ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ என்று இரண்டு வரி, இரண்டிலும் மஞ்சள் முக்கோணம். மொபைலில் தேடி ‘வைஃபை டிரைவர்’ என்று ஐந்து ஃபைல் இறக்கிப் போட்டுப் பார்த்துவிட்டேன், ஒன்றும் ஒட்டவில்லை. போர்டு போய்விட்டது என்கிறான் நண்பன். உண்மையா? (பொறியியல் மாணவர்)

பதில்: போர்டு போகவில்லை தம்பி, நிம்மதியாக இருங்கள். மஞ்சள் முக்கோணம் வருகிறது என்றால், கார்டு கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்லியிருக்கிறது. அதனோடு பேசத் தெரிந்த டிரைவர்தான் இல்லை. கார்டில் உயிரே இல்லையென்றால் அந்த வரியே வந்திருக்காது.

ஈதர்நெட் கன்ட்ரோலர் என்பது கேபிள் செருகும் லேன். நெட்வொர்க் கன்ட்ரோலர் என்பது வைஃபை. கம்பெனி பெயரே தெரியாதபோது விண்டோஸுக்கு இது மட்டும் எப்படித் தெரிந்தது? ஒவ்வொரு பிசிஐ கார்டும் (பிசிஐ என்பது கார்டும் போர்டும் பேசிக்கொள்ளும் பொது வழி) தான் எந்த வகை என்பதை ஓர் எண்ணாகச் சொல்லும். 0200 என்றால் ஈதர்நெட். வைஃபை கார்டுகள் பெரும்பாலும் 0280, அதாவது ‘இதர நெட்வொர்க்’ என்று சொல்லிக்கொள்ளும். அதை வைத்துத்தான் இந்தப் பொத்தாம்பொதுப் பெயர்.

இப்போது டிவைஸ் மேனேஜரில் (கம்ப்யூட்டரின் பாகங்களைப் பட்டியல் போடும் விண்டோஸ் பக்கம்) முக்கோணம் உள்ள வரியை ரைட் கிளிக் செய்து ‘பிராப்பர்ட்டீஸ்’ திறவுங்கள். முதல் பக்கத்திலேயே ஒரு பிழை எண் (‘கோட்’ என்று போட்டு) இருக்கும். 28 என்றால் டிரைவர் போடவில்லை என்று பொருள், உங்களுடையது நிச்சயம் அதுதான். 22 என்றால் யாரோ அந்தக் கார்டை டிஸேபிள் செய்திருக்கிறார்கள், எனேபிள் செய்தால் போதும். 10 என்றால் டிரைவர் இருக்கிறது, ஆனால் கார்டு கிளம்ப மறுக்கிறது. அது வேறு வியாதி.

அடுத்து ‘டீட்டெய்ல்ஸ்’ பக்கம். அங்கே மேலே உள்ள பட்டியலில் ‘ஹார்டுவேர் ஐடிஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். நான்கைந்து வரி கொட்டும். முதல் வரிதான் நீளமானது, அதை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ‘வென்’ என்ற மூன்று எழுத்துக்குப் பின்னால் வரும் நான்கு, சிப் செய்த கம்பெனி. ‘டெவ்’ என்பதற்குப் பின்னால் வரும் நான்கு, எந்தச் சிப் என்பது. இந்த எட்டும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

கம்பெனி எண்களை வழங்குவது பிசிஐ-எஸ்ஐஜி என்ற அமைப்பு. 10இசி என்றால் ரியல்டெக். 14இ4 பிராட்காம். 168சி ஏத்ராஸ், இப்போது குவால்காம் கையில் இருப்பது. 14சி3 மீடியாடெக். இன்டெல் தனக்கு 8086 என்ற எண்ணை வைத்துக்கொண்டது. 1978-ல் வந்த அதன் புகழ்பெற்ற பிராசசரின் பெயர் அது. இவற்றை நான் மனப்பாடம் செய்ததில்லை. தினமும் பார்த்துப் பார்த்துத் தானாகவே நாக்கில் ஒட்டிக்கொண்டன.

அதே வரியில் ‘சப்சிஸ்’ என்று ஓர் எட்டு எழுத்து வரும். அதன் கடைசி நான்கைப் பாருங்கள். பெரும்பாலும் லேப்டாப்பைச் சேர்த்துக் கட்டிய கம்பெனியின் எண் அங்கே இருக்கும். 103சி என்றால் ஹெச்பி, 1028 டெல், 17ஏஏ லெனோவோ, 1043 ஏசுஸ், 1025 ஏசர். உங்கள் லேப்டாப்பின் முழு மாடல் எண்ணை அந்தக் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் கொடுத்து, அங்கிருந்து டிரைவர் எடுப்பதுதான் முதல் வழி. வைஃபைக்கு இது ரொம்ப முக்கியம். இன்டெல் தன் வைஃபை டிரைவரைத் தானே நேரடியாகத் தருகிறது. மீடியாடெக், பிராட்காம் சிப்புகளுக்குப் பெரும்பாலும் லேப்டாப் கம்பெனியைத்தான் கேட்க வேண்டியிருக்கும். அங்கும் கிடைக்கவில்லை என்றால் மைக்ரோசாஃப்டின் ‘அப்டேட் கேட்டலாக்’ பக்கத்தில் அந்த ‘வென்–டெவ்’ துண்டை அப்படியே போட்டுத் தேடலாம். கிடைப்பது கேப் ஃபைலாக (ஜிப் போலச் சுருக்கிக் கட்டியது) இருக்கும். அதைப் பிரித்து ஒரு ஃபோல்டரில் வைத்து, டிவைஸ் மேனேஜரில் ‘அப்டேட் டிரைவர்’ கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்ட வேண்டும்.

இனி நீங்கள் இறக்கிய அந்த ஐந்து ஃபைல். இன்ஸ்டால் செய்யாமலே அவை உங்களுக்கு உதவுமா என்று பார்த்துவிடலாம், இதை இத்தனை வருஷத்தில் மிகச் சிலரே செய்து பார்த்திருக்கிறேன். ஜிப்பைப் பிரியுங்கள். உள்ளே ‘ஐஎன்எஃப்’ என்று முடியும் ஒரு சின்ன ஃபைல் இருக்கும். அது வெறும் எழுத்து ஃபைல், நோட்பேடிலேயே திறக்கும். கன்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தி, உங்கள் ‘டெவ்’ எண் நான்கையும் தேடுங்கள். உங்கள் ‘வென்’ எண்ணோடு சேர்ந்து அது இருந்தால், அந்த டிரைவருக்கு உங்கள் கார்டைத் தெரியும். இல்லையென்றால் நூறு முறை இன்ஸ்டால் செய்தாலும் ஒட்டாது. ஐந்தையும் இப்படித் திறந்து பாருங்கள், ஏன் ஒட்டவில்லை என்பது கண்ணுக்கு முன்னால் தெரியும். அந்த ஃபைலுக்குள் ‘என்டிஏஎம்டி64’ என்ற சொல் வந்தால், ‘என் பிராசசர் இன்டெல் ஆச்சே’ என்று மூடிவிடாதீர்கள். 64 பிட் விண்டோஸுக்கு, இன்டெல்லுக்கும் சேர்த்து, அதுதான் பெயர்.

நெட் இல்லாத மெஷினில் நெட் டிரைவரை எப்படி இறக்குவது என்ற கவலை வேண்டாம். ஆண்ட்ராய்டு மொபைலை டேட்டா கேபிளில் லேப்டாப்போடு செருகி, மொபைல் செட்டிங்ஸில் ‘யுஎஸ்பி டெதரிங்’ போடுங்கள். அதற்கு வேண்டிய டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. மொபைல் உங்கள் வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த நெட்டே கேபிள் வழியாக இறங்கும், மொபைல் டேட்டா செலவாகாது. ஒரு எச்சரிக்கை: சில கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், டேட்டா போகாது. டெதரிங் பொத்தான் மங்கலாகவே இருந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: மகளே, நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். மெஷினை ஃபார்மட் செய்யச் சொல்கிறார்கள். இப்போது நெட் நன்றாக வேலை செய்கிறது. மேலே சொன்ன சங்கடம் எனக்கு வராமல் இருக்க முன்னாலேயே என்ன செய்யலாம்?

பதில்: ஐயா, எல்லாரும் வெள்ளம் வந்த பிறகு அணை கட்டுகிறார்கள், நீங்கள் முன்னாலேயே கேட்டிருக்கிறீர்கள். ஐந்து நிமிட வேலை. டி டிரைவிலோ பென்டிரைவிலோ ‘டிரைவர்ஸ்’ என்று ஒரு காலி ஃபோல்டர் போடுங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டை ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறந்து, பி, என், பி, யு, டி, ஐ, எல் என்ற ஏழு எழுத்தையும் சேர்த்துத் தட்டுங்கள். ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு ‘எக்ஸ்போர்ட்-டிரைவர்’, மறுபடி இடைவெளி, ஒரு நட்சத்திரக் குறி, இடைவெளி, கடைசியில் அந்த ஃபோல்டரின் முகவரி. என்டர் தட்டியதும், தனியாகப் போட்டிருந்த டிரைவர் ஒவ்வொன்றும் தனித்தனி ஃபோல்டராக அங்கே வந்து உட்காரும். விண்டோஸோடு கூடவே வரும் டிரைவர்கள் வராது, அவற்றை மறுபடி விண்டோஸே போட்டுக்கொள்ளும்.

ஃபார்மட் செய்பவர் டி டிரைவையும் சேர்த்து அழித்துவிட்டால் எல்லாம் போகும். ஆகவே பென்டிரைவில் எடுத்து, அதைக் கழற்றி உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். புது விண்டோஸ் வந்தபின், மஞ்சள் முக்கோணம் உள்ள வரியில் ‘அப்டேட் டிரைவர்’ கொடுத்து, ‘என் கம்ப்யூட்டரில் தேடு’ என்பதைத் தேர்ந்து, அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். உள் ஃபோல்டர்களையும் தேடச் சொல்லும் கட்டத்தில் டிக் இருக்கட்டும்.

கேள்வி: நானும் என் தோழியும் ஒரே மாடல் வைஃபை டாங்கிள் வாங்கினோம். அவளுடைய டிரைவரை வாங்கிப் போட்டால் என் டாங்கிளில் வேலை செய்யவில்லை. அதோடு, என்னுடையதைச் செருகினால் ஒரு சிடி டிரைவ் மாதிரி ஏதோ வருகிறது. டூப்ளிகேட்டா அக்கா? (கணக்கு எழுதும் வேலையில் உள்ள வாசகி)

பதில்: டூப்ளிகேட் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். டாங்கிளின் (யுஎஸ்பியில் செருகும் அந்தச் சின்ன வைஃபை கருவி) மேல் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரைப் பாருங்கள். மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் ‘வெர்’ என்று போட்டு ஓர் எண் இருக்கும், பொடி எழுத்தில். தோழியுடையது 1 ஆகவும் உங்களுடையது 2 ஆகவும் இருந்தால், பெயர் மட்டும்தான் ஒன்று, உள்ளே இருப்பது வேறு பொருள்.

எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் டிபி-லிங்கின் டபிள்யூஎன்722என். அதன் முதல் வெர்ஷனில் ஏத்ராஸ் ஏஆர்9271 சிப். இரண்டாவதிலிருந்து ரியல்டெக் ஆர்டிஎல்8188இயுஎஸ். வெளியே அதே வெள்ளை உடம்பு, அதே ஆண்டெனா. ஒன்றின் டிரைவர் மற்றதற்குச் சுத்தமாகப் பொருந்தாது. அதனால்தான் டாங்கிள் கம்பெனிகளின் டவுன்லோடு பக்கத்தில் முதலில் ‘எந்த வெர்ஷன்’ என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு என் மேஜைக்கு வருகிறார்கள்.

யுஎஸ்பி பொருள்களுக்கு ‘வென்–டெவ்’ இல்லை, ‘விட்–பிட்’ என்று வரும். அதே டீட்டெய்ல்ஸ் பக்கம்தான். ‘விட்’ 0பிடிஏ என்றால் ரியல்டெக், 148எஃப் என்றால் ராலிங்க், 0சிஎஃப்3 என்றால் ஏத்ராஸ். சில சமயம் சிப் கம்பெனியின் எண்ணுக்குப் பதில் டாங்கிள் கம்பெனி தன் எண்ணைப் போட்டிருக்கும். நான் சொன்ன அந்த 722என் இரண்டாம் வெர்ஷன் 2357, 010சி என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும். 2357 டிபி-லிங்குடையது. அதுபோன்ற இடத்தில் ‘விட்’டை மட்டும் பார்த்தால் சிப் தெரியாது, எட்டு எழுத்தையும் சேர்த்துத்தான் தேட வேண்டும்.

இனி உங்கள் சிடி டிரைவ். இது ஒரு வசதிக்காகச் செய்தது. டாங்கிளுக்குள்ளேயே ஒரு சின்ன நினைவகத்தில் டிரைவரை வைத்து, முதலில் செருகும்போது சிடி போலத் தெரியவைக்கிறார்கள். அந்தச் சிடியைத் திறந்து செட்டப்பை ஓட்டினால், டிரைவர் ஏறி, டாங்கிள் தன் வேஷத்தைக் கலைத்து வைஃபை கார்டாக மாறும். பல ரியல்டெக் டாங்கிள்கள் சிடி வேஷத்தில் 0பிடிஏ, 1ஏ2பி என்ற எண்ணைக் காட்டும். இந்த எண்ணை வைத்து வைஃபை டிரைவர் தேடினால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல ஆகிவிடும், ஏனென்றால் அது சிடியின் எண். முதலில் அந்தச் சிடி டிரைவை ரைட் கிளிக் செய்து ‘எஜெக்ட்’ கொடுங்கள். சில நொடியில் டிவைஸ் மேனேஜரில் புது வரி ஒன்று முளைக்கும். அதன் ‘விட்–பிட்’தான் உங்களுக்கு வேண்டியது.

கேள்வி: கிகாபிட் லேன் கார்டு, கிகாபிட் ரூட்டர். ஆனால் ஸ்பீடு 100 எம்பிபிஎஸ் என்றே காட்டுகிறது. மூன்று டிரைவர் மாற்றிவிட்டேன். சரியான டிரைவர் எது?

பதில்: உங்களுக்கு டிரைவர் வேண்டாம், கேபிள் வேண்டும். கேபிளுக்குள் எட்டுக் கம்பி உண்டு. 100 எம்பிபிஎஸ் ஓட நான்கு கம்பி போதும்: 1, 2, 3, 6. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மிச்சமுள்ள நான்கில் ஒன்று அறுந்திருந்தாலோ, முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்திய கிரிம்ப் சரியாகக் கடிக்காமல் இருந்தாலோ, பல கார்டுகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நெட் வந்துகொண்டே இருப்பதால் யாரும் கேபிளைச் சந்தேகப்படுவதில்லை. பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்குக்குள் எட்டு வண்ணக் கம்பியும் நுனிவரை ஒரே மட்டத்தில் போய் முட்டியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் குட்டையாக நின்றால் அதுதான் ஆள். வேறு கேபிள் போட்டும் மாறவில்லை என்றால் ரூட்டரின் அடுத்த போர்ட்டில் செருகிப் பாருங்கள்.

கேள்வி: அக்கா, என் லேப்டாப்பில் ஏஎம்டி ரைசன். பழைய வைஃபை கார்டு மெதுவாக இருக்கிறது என்று இன்டெல் ஏஎக்ஸ்201 வாங்கிப் போட்டேன். ஸ்லாட்டில் அழகாக உட்கார்ந்தது. ஆனால் டிவைஸ் மேனேஜரில் பெயரே இல்லை, மஞ்சள் முக்கோணம்கூட இல்லை. என்ன டிரைவர் போட வேண்டும்?

பதில்: தம்பி, எந்த டிரைவரும் இதைக் காப்பாற்றாது. சொல்லும்போதே எனக்குச் சங்கடமாக இருக்கிறது, ஏனென்றால் ஸ்லாட்டும் கார்டும் பார்வைக்கு அச்சாகப் பொருந்தும். யாரும் ஏமாறுவார்கள்.

ஏஎக்ஸ்201 முழு வைஃபை கார்டு அல்ல. வைஃபையின் வேலையில் ஒரு பகுதி இன்டெல்லின் சிப்செட்டுக்குள் (சில பிராசசர்களில் பிராசசருக்குள்ளேயே) இருக்கிறது. ரேடியோ பகுதி மட்டும்தான் இந்தச் சின்ன அட்டையில். இந்த ஏற்பாட்டுக்குச் சிஎன்விஐ என்று பெயர். மற்ற பாதி இல்லாத ஏஎம்டி போர்டில் இது வாய் திறக்காது. முக்கோணம்கூட வரவில்லை என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரியிலேயே எனக்கு விடை கிடைத்துவிட்டது.

கடைசி இலக்கத்தைக் கவனியுங்கள். ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் முழுக் கார்டுகள், சாதாரணப் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியில் பேசுபவை. ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 இரண்டும் சிஎன்விஐ. அதற்கு முந்தைய தலைமுறையில் 9260 முழுக் கார்டு, 9560 சிஎன்விஐ. இன்டெல் லேப்டாப் வைத்திருப்பவர்களும் கண்ணை மூடிக்கொண்டு 201 வாங்கக் கூடாது, அந்த ஸ்லாட்டுக்குச் சிஎன்விஐ இணைப்பு இருந்தால்தான் ஓடும். மாற்றிக் கொடுப்பார்கள் என்றால் 200 அல்லது 210 கேட்டு வாங்குங்கள். ஆண்டெனா கம்பிகளைக் கழற்றும்போது பக்கவாட்டில் இழுக்காதீர்கள், நேர்மேலே தூக்குங்கள்; மாட்டும்போதும் நேர்கீழே ஒரு அழுத்து. கடுகளவு பித்தளைக் குமிழ் அது, வளைந்தால் சிக்னல் போய்விடும்.

பழைய கார்டைத் தூக்கி எறியாதீர்கள். அதில் ஆர்இசட்616 என்று போட்டிருந்தால் அது மீடியாடெக் எம்டி7922 சிப்தான், ஏஎம்டி லேப்டாப்புகளில் வேறு பெயரில் வருவது. வைஃபை 6இ வரை தெரிந்த நல்ல கார்டு. மெதுவாக இருப்பதற்குப் பழைய டிரைவர் காரணமாக இருக்கலாம். லேப்டாப் கம்பெனியின் பக்கத்தில் மீடியாடெக் வைஃபை டிரைவரைத் தேடிப் போட்டுப் பார்த்த பிறகு, கார்டு மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: என் டாங்கிளில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தெரியவில்லை. அதைத் தரும் டிரைவர் உண்டா?

பதில்: முதலில் சிப்புக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியுமா என்று பாருங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ டிரைவர்ஸ்’ கொடுத்தால் அது ஆதரிக்கும் ரேடியோ வகைகள் வரும். 802.11-க்குப் பிறகு பி, ஜி, என் மட்டும் இருந்து ஏ-யும் ஏசி-யும் இல்லையென்றால் அது 2.4 மட்டும் பிடிக்கும் கார்டு. இல்லாத ரேடியோவை டிரைவர் கொண்டுவர முடியாது.

கேள்வி: பழைய லேப்டாப் ஒன்றில் டெபியன் 12 போட்டேன். இப்போது ஃபர்ம்வேர் எல்லாம் கூடவே வருகிறது என்றார்கள். ஆனாலும் வைஃபை இல்லை. பிராட்காம் என்று மட்டும் தெரியும். (நூலகப் பணியாளர்)

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது சரி. டெபியன் என்பது லினக்ஸ் வகைகளில் ஒன்று. 2023 ஜூனில் வந்த அதன் 12-ஆம் பதிப்பு முதல், சுதந்திர உரிமம் இல்லாத ஃபர்ம்வேரும் அதிகாரபூர்வ இன்ஸ்டாலரிலேயே வருகிறது. ஆனால் உங்கள் கார்டு அதில் விட்டுப்போன சிலதில் ஒன்று என்று நினைக்கிறேன். டெர்மினலில் எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்தையும் தட்டி, இடைவெளி விட்டு, சிறுகோடும் இரண்டு என்-னும் ஒரு கே-யும் போடுங்கள். பிராட்காம் என்ற வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் 14இ4:4315 என்று இருக்கிறதா? அது பிசிஎம்4312, அந்தக் கால லேப்டாப்புகளில் ஏராளமாக வந்தது.

அந்த வரிக்குக் கீழே ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்று ஒரு வரி வரும். அதில் பி43 என்ற பெயர் இருந்தும் வைஃபை இல்லை என்றால், டிரைவர் வந்துவிட்டது, ஃபர்ம்வேர் வரவில்லை. இரண்டும் வேறு வேறு. டிரைவர் உங்கள் பிராசசரில் ஓடுவது. ஃபர்ம்வேர் கார்டுக்குள் ஏற்றப்பட்டு அங்கே ஓடுவது. பி43-க்கான ஃபர்ம்வேரை மற்றவர்கள் பகிர்வதற்கு உரிமம் இல்லாததால் டெபியன் அதைத் தன் இன்ஸ்டாலரில் வைக்க முடியவில்லை. அதற்குப் பதில், மூல ஃபைலை நெட்டிலிருந்து எடுத்து உங்கள் மெஷினிலேயே பிரித்துக்கொள்ளும் ஒரு பேக்கேஜ் வைத்திருக்கிறார்கள். பெயர் ‘ஃபர்ம்வேர்-பி43-எல்பிஃபை-இன்ஸ்டாலர்’ (நடுவில் உள்ளதை எல், பி, பி, எச், ஒய் என்று தட்டுங்கள்), டெபியனின் பேக்கேஜ் கிடங்கில் ‘கான்ட்ரிப்’ என்ற பகுதியில் இருக்கிறது. அந்தப் பகுதியைச் சேர்த்த பிறகே கிடைக்கும். நிறுவும் நேரத்தில் நெட் கட்டாயம், கேபிளோ மொபைல் டெதரிங்கோ செருகியிருக்கட்டும். உங்கள் எண் 4315 இல்லை, வேறு என்றால் இதைச் செய்யாதீர்கள். அந்த எண்ணோடு மறுபடி எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

கேள்வி: எல்லா டிரைவரையும் தானே தேடிப் போடும் சாஃப்ட்வேர் நிறைய இருக்கிறதே, எது நல்லது?

பதில்: ஒன்றையும் சிபாரிசு செய்ய மாட்டேன். நெட்வொர்க் டிரைவருக்கு நிச்சயமாக வேண்டாம். வேலை செய்துகொண்டிருந்த டிரைவரைக் கழற்றி ‘புதியது’ என்று வேறொன்றைப் போட்டு, நெட் போய், அந்தச் சாஃப்ட்வேரே நெட்டில்லாமல் முழித்துக்கொண்டு நின்ற மெஷின்கள் என் மேஜைக்கு வந்திருக்கின்றன. எட்டு எழுத்தை நீங்களே படிக்கத் தெரிந்துகொண்டால் இடைத்தரகர் எதற்கு?

கேள்வி: என் ரூட்டரில் இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலில் பெயரில்லாமல் ஒன்று இருக்கிறது. மேக் முகவரி மட்டும் தெரிகிறது. அதை வைத்து என்ன சாதனம் என்று கண்டுபிடிக்க முடியுமா அம்மா? எங்கள் வீட்டு நெட்டை யாரோ திருடுகிறார்கள் என்று பயமாக இருக்கிறது.

பதில்: ஓரளவு முடியும். மேக் முகவரி என்பது நெட்வொர்க் கார்டின் அடையாள எண், அதில் பன்னிரண்டு எழுத்து. முதல் ஆறு, ஐஇஇஇ அமைப்பு ஒரு கம்பெனிக்குக் கொடுத்தது. பின் ஆறு, அந்தக் கம்பெனி தானாக வைத்துக்கொள்வது. முதல் ஆறை ஐஇஇஇ வெளியிடும் பட்டியலில் தேடினால் கம்பெனி தெரியும். ‘எஸ்பிரெசிஃப்’ என்று வந்தால் பதற வேண்டாம், ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பிளக் போன்றவற்றுக்குள் அவர்களுடைய வைஃபை சிப் நிறைய இருக்கிறது.

பட்டியலில் தேடும் முன் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். அது 2, 6, ஏ, இ இவற்றில் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் சாதனம் தானாக உருவாக்கிக்கொண்ட பொய்முகவரி, எந்தப் பட்டியலிலும் கிடைக்காது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் மொபைல்கள் தனியுரிமைக்காக இப்படித்தான் செய்கின்றன. ஆக அது உங்கள் வீட்டு மொபைலாகவே இருக்கக்கூடும். ஒவ்வொரு மொபைலிலும் வைஃபை செட்டிங்ஸில் அந்த நெட்வொர்க்கைத் தொட்டால் அது இப்போது காட்டும் மேக் முகவரி தெரியும், ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றும் ஒத்துப்போகவில்லை என்றால் வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள், அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கேள்வி: அக்கா, சர்வீஸ் வேலை பழகிக்கொண்டிருக்கிறேன். ஒரு பழைய மதர்போர்டு, பெயரும் இல்லை, மாடலும் இல்லை. இன்னும் ஓஎஸ் போடவில்லை. லேன் சிப் எது என்று போர்டைப் பார்த்தே கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு தங்கையே. இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் நான் பழகிய முதல் பாடமே இதுதான். விண்டோஸ் 98 ஓடிய ஒரு மெஷினில் பெயரில்லாத லேன் கார்டு. டிராயரில் கிடந்த டிரைவர் சிடிக்களை ஒவ்வொன்றாகப் போட்டு அரை நாளைத் தொலைத்தேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் வந்து மெஷினை அணைக்கச் சொன்னார். கார்டைக் கழற்றி, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, ‘என்ன தெரியுது?’ என்றார். கறுப்புச் சிப்பின் மேல் சின்னதாக ஒரு நண்டுப் படம். ‘நண்டு சார்’ என்றேன். ‘நண்டுன்னா ரியல்டெக். கீழே படி.’ 8139 என்று இருந்தது. அந்த எண்ணுக்கான டிரைவரைப் போட்டதும் பத்து நிமிஷத்தில் நெட் வந்தது. சிடிக்களின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதை அதற்குப் பிறகு நான் நம்பியதே இல்லை.

உங்கள் போர்டில் கேபிள் செருகும் போர்ட்டிலிருந்து உள்ளே நகருங்கள். சில போர்டுகளில் முதலில் ஒரு கறுப்புச் செவ்வகப் பெட்டி வரும். அது டிரான்ஸ்ஃபார்மர், அதன் மேல் உள்ள எண்ணைச் சிப் என்று நினைத்துத் தேடி ஏமாறாதீர்கள். பல போர்டுகளில் அது போர்ட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கும். அதைத் தாண்டி, நான்கு பக்கமும் கால் உள்ள சதுரச் சிப்பு. சந்தேகம் வந்தால் பக்கத்தில் வெள்ளி நிறத்தில் ஒரு கிரிஸ்டல் இருக்கிறதா என்று பாருங்கள், அதன் மேல் 25.000 என்று போட்டிருக்கும். ஈதர்நெட் சிப்புகளுக்கு வழக்கமாக 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்தான். எழுத்து மங்கியிருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்து, டார்ச்சை நேர்மேலே பிடிக்காமல் ஓரத்திலிருந்து அடியுங்கள், எழுத்து எழும்பி வரும்.

படித்ததும் இரண்டு விஷயம் நினைவிருக்கட்டும். நண்டுக்குக் கீழே 8111 என்று இருந்தால், ஓஎஸ் போட்டபின் திரையில் 8168 என்று வரும். குழம்ப வேண்டாம், இரண்டுக்கும் ஒரே டிரைவர்தான். இன்டெல் சிப்பாக இருந்து அதில் ஐ219 என்று இருந்தால், நீங்கள் பார்ப்பது வெளிவாசல் மட்டும். லேனின் மற்ற பகுதி சிப்செட்டுக்குள் இருக்கிறது, அதனால் திரையில் 8086-க்குப் பின் வரும் எண் சிப்செட்டுக்குச் சிப்செட் மாறும். அந்த ஒரு வகைக்கு மட்டும் ஓஎஸ் போட்டபின் ஹார்டுவேர் ஐடியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். படித்த எண்ணை ஒரு துண்டு டேப்பில் எழுதி, போர்டின் பின்பக்கம் ஒட்டிவிடுங்கள்.